மூன்று காகிதங்களோடு தில்லிக்கு



தில்லி நம் நாட்டின் தலைநகரம். நாடாளுமன்றம் அங்கே இருக்கிறது. குடியரசுத் தலைவர் மாளிகை அங்கே இருக்கிறது. செங்கோட்டை அங்கே இருக்கிறது. இவற்றையெல்லாம் படத்தில் பார்த்திருக்கிறோம். தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். நேரில் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டால் பலர் சிரிப்பார்கள். "நமக்கெல்லாம் தில்லியா? அதற்குப் பணம் ஏது?" என்பார்கள்.

பணம் வேண்டும்தான். ஆனால், மலைபோலப் பணம் வேண்டியதில்லை. தில்லியில் பார்க்க வேண்டிய பல இடங்களுக்குக் கட்டணமே கிடையாது. அப்படியானால் ஏழைக் குடும்பத்தைத் தடுப்பது எது? பயம்தான். மொழி தெரியாத ஊரில் ஏமாந்துவிடுவோமோ என்ற பயம். கூட்டத்தில் பிள்ளை தொலைந்துவிடுமோ என்ற பயம். இந்தப் பயம் நியாயமானது. இதைப் போக்க ஒரு வழி இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் இதைச் செய்யலாம். மூன்று காகிதங்களில் எழுதி வைத்துக்கொண்டு புறப்படுவதே அந்த வழி.

ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கணவர் கொத்தனார். மனைவி தையல் வேலை செய்கிறார். அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவர். மகளுக்கு ஒன்பது வயது. மகனுக்கு நான்கு வயது. இந்தக் குடும்பம் தில்லிக்குப் போக நினைக்கிறது. இவர்கள் என்ன செய்ய வேண்டும்?

முதல் காகிதம்: பணக் காகிதம்

"என்னங்க, கடன் வாங்கிப் போகலாமா?" என்று மனைவி கேட்கிறார்.

"வேண்டாம்மா. சுற்றிப் பார்ப்பது மூன்று நாள். வட்டி கட்டுவது மூன்று வருடம்" என்கிறார் கணவர்.

சரியான பேச்சு. ஊர் சுற்றக் கடன் வாங்கக் கூடாது. ஒரு வருடம் முன்பே சேமிக்கத் தொடங்க வேண்டும். வாரம் 300 ரூபாய் எடுத்து வைத்தால், 52 வாரங்களில் 15,600 ரூபாய் சேரும். மகளிர் குழுவிலோ அஞ்சலகத்திலோ அதைப் போட்டு வைக்கலாம். இரண்டு பேர் சம்பாதிக்கும் வீட்டில் இது கடினம்தான். ஆனால், முடியாத காரியம் அல்ல.

அந்தப் பணத்தை ஐந்து பங்காகப் பிரித்துக் காகிதத்தில் எழுத வேண்டும். ஒன்று, ரயில். இரண்டு, தங்கும் இடம். மூன்று, சாப்பாடு. நான்கு, ஊருக்குள் போக்குவரத்தும் நுழைவுச் சீட்டும். ஐந்தாவது பங்கு ஆபத்துக்கு. அதைத் தொடக் கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மட்டுமே அதை எடுக்கலாம். ஊர் திரும்பிய பின் அது மிச்சமானால் மகிழ்ச்சி.

ரயில் செலவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு ரயிலில் கட்டணம் இல்லை. ஆனால், தனிப் படுக்கை கிடைக்காது. ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு இரண்டு வழிகள் உண்டு. தனிப் படுக்கை வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம். தனிப் படுக்கை வேண்டும் என்றால் முழுக் கட்டணம். 2016ஆம் ஆண்டு முதல் இதுதான் விதி.

சென்னையிலிருந்து தில்லிக்கு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். இரண்டு இரவு, ஒரு பகல் பயணம். ஒன்பது வயதுப் பெண்ணை இரண்டு இரவும் தாயின் படுக்கையில் நெருக்கிப் படுக்க வைத்தால் இருவருக்கும் தூக்கம் இருக்காது. அதனால் அவளுக்கும் தனிப் படுக்கை எடுப்பது நல்லது. மகன் அம்மாவோடு படுத்துக்கொள்வான். ஆக, போக மூன்று சீட்டு, வர மூன்று சீட்டு. மொத்தம் ஆறு. படுக்கை வகுப்பில் ஒரு சீட்டின் விலையைக் கவுண்டரில் கேளுங்கள். அதை ஆறால் பெருக்குங்கள். முதல் பங்கின் கணக்கு வந்துவிடும்.

படிவத்தை நாமே நிரப்பலாம்

பயண நாளுக்கு 60 நாட்கள் முன்பிருந்து முன்பதிவு செய்யலாம். தரகர் தேவையில்லை. ரயில் நிலையக் கவுண்டரில் ஒரு படிவம் தருவார்கள். அதில் ரயில் எண், தேதி, வகுப்பு, பெயர், வயது ஆகியவற்றை எழுத வேண்டும். தரகருக்குக் கொடுக்கும் பணம் பிள்ளைகளின் ஒரு நாள் சாப்பாட்டுக்கு ஆகும்.

சென்னை சென்ட்ரலிலிருந்து புது தில்லிக்குப் போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸின் எண் 12621. திரும்பி வருவதன் எண் 12622. சீட்டு கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். தேதி சரியா? பெயர் சரியா? பெட்டி எண், படுக்கை எண் இருக்கின்றனவா? காத்திருப்போர் பட்டியல் என்று இருந்தால் படுக்கை உறுதியாகவில்லை என்று பொருள். அந்தச் சீட்டோடு படுக்கைப் பெட்டியில் ஏற முடியாது. உறுதியான சீட்டு கிடைக்கும் தேதியைப் பார்த்துப் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருடைய ஆதார் அட்டையையும் எடுத்துப் போக வேண்டும். 

இரண்டாவது காகிதம்: நாள் காகிதம்

எப்போது போவது? மே மாதம் பள்ளி விடுமுறை. ஆனால், அப்போது தில்லியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். சிறு குழந்தைகள் வாடிப்போவார்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் கடுங்குளிர். மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். நவம்பரில் புகை காற்றை மூடிக்கொள்ளும். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகளுக்கு அது ஆகாது. பிப்ரவரியும் மார்ச்சும் மிக நல்ல மாதங்கள். பள்ளியை விட முடியாதவர்களுக்குக் காலாண்டுத் தேர்வு விடுமுறை ஏற்றது.

அடுத்து, கிழமையைப் பாருங்கள். தில்லியில் பல இடங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. செங்கோட்டை திங்களன்று மூடியிருக்கும். காந்தி நினைவு இல்லமும் தாமரைக் கோயிலும் ரயில் அருங்காட்சியகமும் அப்படியே. மிருகக்காட்சி சாலைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இது தெரியாமல் போனால் மூடிய கதவைப் பார்த்துத் திரும்ப வேண்டும். ஆட்டோ செலவு வீண். பிள்ளைகளின் முகமும் வாடும்.

நம் குடும்பம் இப்படித் திட்டம் போடுகிறது. திங்கள் இரவு சென்னையில் ரயில் ஏறுவது. புதன் காலை தில்லி. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் ஊர் பார்ப்பது. வெள்ளி இரவு ரயில் ஏறுவது. ஞாயிறு காலை சென்னை. தில்லியில் தங்குவது இரண்டே இரவு. மற்ற இரவுகள் ரயிலில் கழிந்துவிடும். அறை வாடகை மிச்சம்.

ரயில் பயணமே பிள்ளைகளுக்கு ஒரு பாடம். விஜயவாடாவில் கிருஷ்ணா நதி வரும். பிறகு கோதாவரி. அதன் பிறகு நர்மதை, சம்பல். ஒவ்வொரு பாலத்திலும் ஆற்றின் பெயரைச் சொல்லிக் காட்டுங்கள். முதல் நாளுக்குப் புளிசாதமும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் கட்டிக்கொள்ளுங்கள். மறுநாளுக்கு ரொட்டி, வாழைப்பழம், அவல் இருந்தால் போதும். குடிதண்ணீர் எப்போதும் கையில் இருக்கட்டும்.

மஞ்சள் பாதை

தில்லியில் மெட்ரோ ரயில் ஓடுகிறது. 2002 டிசம்பரில் அது தொடங்கியது. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நிறம் உண்டு. இந்தி தெரியாதவரும் நிறத்தைப் பார்த்துப் போகலாம். நம் குடும்பத்துக்கு மஞ்சள் பாதை ஒன்றே போதும்.

புது தில்லி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே மஞ்சள் பாதை மெட்ரோ நிலையம் இருக்கிறது. அங்கிருந்து விரல் விட்டு எண்ணலாம். வடக்கே இரண்டாவது நிலையம் சாந்தினி சௌக். செங்கோட்டைக்கு அங்கிருந்து நடந்து போகலாம். தெற்கே மூன்றாவது நிலையம் சென்ட்ரல் செக்ரட்டேரியட். இந்தியா கேட் பார்க்க அங்கே இறங்கலாம். ஐந்தாவது லோக் கல்யாண் மார்க். அது காந்தி நினைவு இல்லத்துக்கு. பதின்மூன்றாவது குதுப் மினார்.

இந்தப் பெயர்களைத் தாய் தமிழில் எழுதுகிறார். பக்கத்தில் மகள் ஆங்கிலத்தில் எழுதுகிறாள். நிலையப் பலகையில் இந்தியும் ஆங்கிலமும் இருக்கும். மகள் பலகையைப் படிப்பாள். தாய் காகிதத்தைப் படிப்பார். இருவருமாகச் சேர்ந்து குடும்பத்தை நடத்திச் செல்வார்கள்.

மெட்ரோவில் குழந்தைக்குக் கணக்கு வேறு. அங்கே வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைப் பார்க்கிறார்கள். 90 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ மூன்று அடி வரை இருந்தால் கட்டணம் இல்லை. நான்கு வயதுப் பையன் பெரும்பாலும் அதைவிட உயரமாக இருப்பான். அவனுக்கும் சீட்டு வாங்க வேண்டியிருக்கும். வீட்டிலேயே சுவரோரம் நிற்க வைத்து அளந்துவிடுங்கள்.

மூன்று நாட்கள்

பிள்ளைகளோடு போகும்போது ஒரு நாளைக்கு இரண்டு இடங்கள் போதும். ஐந்து இடங்கள் என்று ஓடினால் பிள்ளைகள் அழுவார்கள். பெரியவர்கள் எரிந்து விழுவார்கள். பார்த்தது எதுவும் மனதில் நிற்காது.

புதன்கிழமை. காலையில் குளித்து ஓய்வெடுக்க வேண்டும். மாலையில் இந்தியா கேட். இதன் உயரம் 42 மீட்டர். முதல் உலகப் போரில் இறந்த இந்தியப் படை வீரர்களின் நினைவாகக் கட்டப்பட்டது. 1931இல் திறக்கப்பட்டது. வீரர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அருகிலேயே தேசியப் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. 2019இல் திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகு உயிர் கொடுத்த 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அங்கே உள்ளன. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

வியாழக்கிழமை. காலையில் செங்கோட்டை. ஷாஜகான் கட்டியது. 1638இல் தொடங்கி 1648இல் முடிந்தது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் கொடியேற்றுவது இங்கேதான். பெரியவர்களுக்கு நுழைவுச் சீட்டு உண்டு. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. கட்டணப் பலகையைப் படியுங்கள். இந்தியருக்கு ஒரு கட்டணமும் வெளிநாட்டினருக்கு அதிகக் கட்டணமும் எழுதியிருக்கும். ஆகஸ்ட் 15 நெருங்கும் நாட்களில் பாதுகாப்புக்காகக் கோட்டையை மூடிவிடுவார்கள். அப்போது போக வேண்டாம். மாலையில் ராஜ்காட். காந்தியடிகளின் உடல் எரியூட்டப்பட்ட இடம். கறுப்புக் கல் மேடை. கட்டணம் இல்லை.

வெள்ளிக்கிழமை. காலையில் குதுப் மினார். உயரம் 72 மீட்டருக்கு மேல். ஏறத்தாழ 800 ஆண்டுகள் பழமையானது. பக்கத்தில் இருக்கும் இரும்புத் தூண் அதைவிடப் பழையது. வயது ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். இவ்வளவு காலமாகியும் அது துருப்பிடித்து அழியவில்லை. மினாருக்குள் ஏற இப்போது அனுமதி இல்லை. 1981 டிசம்பரில் உள்ளே விளக்கு அணைந்தது. இருட்டான படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டது. 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பள்ளிக் குழந்தைகள். கூட்டம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அந்தக் கோபுரமே சாட்சி.

மாலையில் காந்தி நினைவு இல்லம். அண்ணல் தம் கடைசி 144 நாட்களை இங்கேதான் கழித்தார். 1948 ஜனவரி 30 அன்று இங்கேதான் சுடப்பட்டார். அவர் கடைசியாக நடந்த பாதையில் காலடிகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அவர் இருந்த அறையையும் பார்க்கலாம். ஒரு நாடே பின்பற்றிய மனிதர் எவ்வளவு குறைந்த பொருட்களோடு வாழ்ந்தார் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள். இதற்கும் கட்டணம் இல்லை.

தங்குவதும் உண்பதும்

உறுதியான ரயில் சீட்டு உள்ளவர்கள் ரயில் நிலைய ஓய்வறையை முன்பதிவு செய்யலாம். தர்மசாலைகளும் இருக்கின்றன. எங்கே தங்கினாலும் முதலில் அறையைப் பாருங்கள். தாழ்ப்பாள் சரியா, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வாடகை ஆளுக்கா, அறைக்கா என்று கேளுங்கள். ரசீது வாங்குங்கள்.

ரயில் நிலைய வாசலில் சிலர் வந்து பேசுவார்கள். "உங்கள் சீட்டு செல்லாது, என்னோடு வாருங்கள்" என்பார்கள். "நீங்கள் சொல்லும் விடுதி மூடிவிட்டது" என்பார்கள். நம்பாதீர்கள். உங்கள் சீட்டை நீங்களே படியுங்கள். சந்தேகம் வந்தால் நிலையத்துக்குள் இருக்கும் கவுண்டரில் கேளுங்கள். 139 என்ற ரயில்வே எண்ணிலும் கேட்கலாம்.

ஆட்டோவில் ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசுங்கள். முன்கட்டணக் கவுண்டரில் சீட்டு வாங்கினால், இறங்கும் வரை அந்தச் சீட்டை ஓட்டுநரிடம் கொடுக்காதீர்கள்.

படேல் சௌக் மெட்ரோ நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் பங்ளா சாகிப் குருத்வாரா இருக்கிறது. அது சீக்கியர்களின் கோயில். அங்கே நாள்தோறும் எல்லோருக்கும் உணவு அளிக்கிறார்கள். காசு வாங்குவதில்லை. சாதி கேட்பதில்லை. மதம் கேட்பதில்லை. செருப்பைக் கழற்றி, தலையைத் துணியால் மூடி, மற்றவர்களோடு வரிசையில் தரையில் உட்கார வேண்டும். பணக்காரரும் அதே வரிசையில்தான் உட்காருவார். தட்டில் வாங்கியதை மிச்சம் வைக்கக் கூடாது. சாப்பிட்ட பின் தட்டுக் கழுவும் இடத்தில் கொஞ்ச நேரம் கை கொடுக்கலாம். சும்மா கிடைக்கிறது என்று உண்ணாமல், மதித்து உண்ண வேண்டும்.

மூன்றாவது காகிதம்: சட்டைப்பைக் காகிதம்

இது மிகச் சிறிய காகிதம். ஆனால், மூன்றிலும் இதுதான் முக்கியமானது.

சாந்தினி சௌக் தெருவை நினைத்துப் பாருங்கள். தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். தாய் ஒரு கடையில் விலை கேட்கிறார். தகப்பனார் பணத்தை எடுக்கிறார். மகன் ஒரு பொம்மையைப் பார்த்து நிற்கிறான். அரை நிமிடம்தான். திரும்பிப் பார்த்தால் பிள்ளையைக் காணோம். நான்கு வயதுப் பிள்ளைக்குத் தமிழ் மட்டுமே தெரியும். "அம்மா" என்று அழுவான். ஊர் பெயர் கேட்டால் சொல்லத் தெரியாது.

அப்போது அவன் சட்டைப்பையில் இருக்கும் காகிதம் பேசும். அதில் தாய், தகப்பன் இருவரின் கைபேசி எண்களும் இருக்கட்டும். தங்கியிருக்கும் இடத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். "இந்தக் குழந்தை தமிழ் பேசும்" என்பதையும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். காகிதம் வெளியே தெரியக் கூடாது. பைக்குள் வைத்து ஊக்கு குத்துங்கள். தினமும் காலையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரியவர்களும் ஒரு காகிதம் வைத்திருக்க வேண்டும். கைபேசி கையில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். கைபேசி தொலையலாம். மின்சாரம் தீர்ந்து அணையலாம். காகிதம் அணையாது. அதில் உதவி எண்களும் இருக்கட்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. எந்த அவசரத்துக்கும் 112. நான்கு இந்திச் சொற்களையும் எழுதிக்கொள்ளுங்கள். கித்னா என்றால் எவ்வளவு. கஹாங் என்றால் எங்கே. பானி என்றால் தண்ணீர். பச்சா என்றால் குழந்தை.

புறப்படும் முன் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள்.

"கண்ணு, அம்மாவைக் காணோம்னா என்ன செய்வே?"

"அங்கேயே நிப்பேன்."

"யாராவது மிட்டாய் தந்து கூப்பிட்டா?"

"போக மாட்டேன். போலீஸ்கிட்ட காகிதத்தைக் காட்டுவேன்."

இதைப் பத்து முறை விளையாட்டாகச் சொல்லச் சொல்லுங்கள். மெட்ரோவுக்கு இன்னொரு பாடம் உண்டு. கதவு சட்டென்று மூடும். ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? வெளியே இருப்பவர் அங்கேயே நிற்க வேண்டும். உள்ளே போனவர் அடுத்த நிலையத்தில் இறங்கி நிற்க வேண்டும். இருவரும் தேடி அலைந்தால் சந்திக்கவே முடியாது. பெரியவர்தான் பிள்ளையைத் தேடி வர வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடியுங்கள். விரல் நழுவும், மணிக்கட்டு நழுவாது.

தலைநகரம் யாருடையது?

1911ஆம் ஆண்டு ஆங்கிலேய அரசர் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார். பெரிய பெரிய கட்டடங்களை எழுப்பினார்கள். 1931இல் புது தில்லி திறக்கப்பட்டது. அன்று அது ஆண்டவர்களின் ஊர். இன்று அப்படி இல்லை. நாம் போடும் ஓட்டில்தான் அந்த நாடாளுமன்றம் அமைகிறது. நாம் தீப்பெட்டி வாங்கும்போது கொடுக்கும் வரியும் அங்கே போய்ச் சேருகிறது. கொத்தனார் வீட்டுப் பெண்ணுக்கும் அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க உரிமை உண்டு. அந்த உரிமை அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரிய வேண்டும். அதற்காகவாவது ஒருமுறை அழைத்துப் போக வேண்டும்.

தில்லி தூரம்தான். ஆனால், ஒரு வருடச் சேமிப்பும் மூன்று காகிதங்களும் அந்தத் தூரத்தைக் குறைக்கும். இந்த வாரமே ஒரு காகிதத்தை எடுங்கள். மேலே "தில்லி" என்று எழுதுங்கள். கீழே முதல் 300 ரூபாயை வரவு வையுங்கள். முடியாவிட்டால் 50 ரூபாய் வையுங்கள். இரண்டு வருடம் ஆகட்டும், நான்கு வருடம் ஆகட்டும். தலைநகரம் அங்கேயேதான் இருக்கும்.